கிராஸ்மக்லென் மைதானத்திலிருந்து

அன்புள்ள முரளி,

டப்ளினைக்கூடச் சரியாகச் சுற்றிப் பார்க்காமல் இந்தச் சின்ன ஊரில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு மைதானத்தைப் பார்க்கத்தான் வந்தேன். கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் என்ற கேலிக் கால்பந்துக் கிளப்பின் மைதானம்.

அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் டண்டாக் நகரிலிருந்து வரும்போது எல்லை எங்கே வருகிறது என்றே தெரிவதில்லை. சாலையோரப் பலகைகளில் கிலோமீட்டர் போய் மைல் வந்தால் வட அயர்லாந்துக்குள் நுழைந்துவிட்டாய் என்று அர்த்தம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவுக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் சண்டை நடந்த காலத்தில் இப்படி யாரும் எளிதாக வந்திருக்க முடியாது. இந்தத் தெற்கு அர்மாப் பகுதியில் சாலைகளே பாதுகாப்பில்லை என்று பிரிட்டிஷ் ராணுவம் ஆட்களையும் சரக்கையும் ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்து இறக்கியது. அந்த ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கிய முகாம் இந்த மைதானத்தை ஒட்டியே இருந்தது.

1970களின் தொடக்கத்தில் கிளப்புக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் தலைக்கு மேல் தாழப் பறக்கும். வேலிக்கு அப்பால் விழுந்த பந்துகள் திரும்பி வந்ததில்லை என்று இங்கே சொல்வார்கள். ராணுவத்தின் பக்கமும் இழப்பு சாதாரணமானதல்ல. ஐ.ஆர்.ஏ.வின் குண்டுகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் இந்த வட்டாரத்தில் எத்தனையோ இளம் சிப்பாய்கள் பலியானார்கள். இரண்டு பக்கத்துத் துக்கமும் இந்த மண்ணில் கிடக்கிறது. ஆனால் கிளப் நடத்தியவர்களுக்கு, வேறு எங்காவது நிலம் வாங்கிக்கொண்டு போய்விடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அவர்கள் போகவில்லை. நிலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே, மிச்சமிருந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் என்னை இங்கே இழுத்து வந்தது.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையில் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், அல்லது காலில் போட்டுக் கைக்கே திருப்பி எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டினால் தப்பு. வலைக்குள் அடித்தால் கோல், மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் வழக்கமாக ஒரு புள்ளி. நேற்று மாலை ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தரையில் கிடந்த பந்தைக் கால்விரலால் கிள்ளி எடுத்துக் கைக்குக் கொண்டுவரப் பழகிக்கொண்டிருந்தான். நேராகக் கையால் தரையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. பந்து ஒவ்வொரு தடவையும் முழங்காலில் பட்டுத் தெறித்தது. பயிற்சியாளர் அவசரப்படாமல், பாதத்தை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று தன் காலால் காட்டிக்கொண்டே நின்றார். அவருக்குச் சம்பளம் கிடையாது. இந்த விளையாட்டில் அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கும் வீரனுக்கும் கிடையாது. வாரநாளில் ஆசிரியராகவோ கொத்தனாராகவோ வேலை பார்ப்பவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊருக்காக இறங்குகிறார்கள்.

அப்படிப்பட்டவர்களின் இந்தக் கிளப் 1887இல் தொடங்கியது. கேலிக் விளையாட்டுச் சங்கம் தர்லஸ் நகரில் பிறந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. அர்மா கவுண்டிப் பட்டத்தை 1996 முதல் 2008 வரை தொடர்ந்து பதின்மூன்று வருடம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அகில அயர்லாந்துக் கிளப் பட்டம் 1997, 1999, 2000, 2007, 2011, 2012 என்று ஆறு முறை. இதைவிட அதிகம் வென்றது கார்க்கைச் சேர்ந்த நெமோ ரேஞ்சர்ஸ் மட்டும்தான், ஏழு முறை. நெமோவுக்குப் பின்னால் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. இங்கே ஊர் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். முதல் மூன்று பட்டங்கள் வந்தபோதும் பக்கத்தில் முகாம் அப்படியே இருந்தது என்பதை நினைத்துப் பார். நாலாவது பட்டம் வந்த 2007இல்தான் அது மூடப்பட்டது.

அந்த முதல் மூன்று பட்டங்களின்போதும் பயிற்சியாளர் ஜோ கெர்னன், இந்த ஊர்க்காரர். 1977இல் கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் அர்மாவுக்காக டப்ளினுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தும் தோற்றவர். 2002இல் அதே இறுதி ஆட்டத்தில் அவரே அர்மாவின் பயிற்சியாளர், எதிரே கெர்ரி அணி. இடைவேளையில் அணி பின்தங்கியிருந்தது. ஓஷின் மெக்கான்வில், இவரும் கிராஸ்மக்லென்காரர்தான், முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். கெர்னன் உடைமாற்றும் அறையில், 1977இல் தோற்றதற்காகத் தனக்குக் கொடுத்த நினைவுப் பலகையை எடுத்துக் காட்டினார். இது உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டுச் சுவரில் ஓங்கி அடித்து நொறுக்கினார். இரண்டாம் பாதியில் அதே ஓஷின் கோல் அடித்தார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் அர்மாவுக்கு வரலாற்றிலேயே முதல் பட்டம்.

கெர்னனின் ஐந்து மகன்களும் பின்னால் இந்தக் கிளப்புக்காக ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு ஆட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் டப்ளினுக்குக் கிளம்புவேன். அங்கே குரோக் பார்க் மைதானத்து அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்