அத்தையின் ரேடியோவுக்கு ஒரு குமிழ்



போன வாரம் போட்ட மர்பி ரேடியோ படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டு வருதே சார், அப்புறம் ஏன் வேலை முடியலைன்னு எழுதியிருக்கீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கம் நான்கு குமிழ் இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது. ஸ்டேஷன் மாற்றும் குமிழ் எப்போதோ உடைந்து, வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. பல வருஷமாக அதைக் குறடு வைத்துத்தான் திருப்பியிருக்கிறார்கள்.

இயற்பியல் வாத்தியார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சில ஊர்களில் டி.சி. மின்சாரம் இருந்ததால், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுகிற வால்வு செட்டுகளும் விற்றன. அவற்றில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நேராகவே மெயின் கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக் மாறிச் செருகப்பட்டால் சட்டமும் தண்டும் ஷாக் அடிக்கும். அதனால்தான் குமிழை பேக்லைட்டில் செய்து, பக்கவாட்டு ஸ்க்ரூவை ஆழமாக இறக்கி, துளையை மெழுகால் அடைத்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய செட் இருந்தால் வெறும் தண்டைத் தொடாதீர்கள், கண்ணுகளா.

சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் தேடினேன். குமிழுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காட்டியதெல்லாம் 6 மில்லிமீட்டர் தண்டுக்கானவை, பாதிக்கு மேல் உள்ளே பல் வெட்டியவை. நம் செட்டின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், வழவழப்பான உருளை. அந்த 0.35 வித்தியாசத்தில் குமிழ் உள்ளேயே போகாது. கடைக்காரத் தம்பி, "தண்டோட சேர்த்து நாலையும் புதுசா மாத்திடுங்க சார், ஒரே மாதிரி இருக்கும்" என்றார். அவர் கோணத்தில் அது சரிதான். எனக்கு மனசு வரவில்லை. வால்யூம் குமிழைத் தொட்டுப் பார்த்தால் அதன் வரிகள் தேய்ந்து மழமழவென்று இருக்கின்றன. அத்தையின் விரல் தேய்த்த தேய்மானம் அது.

அத்தைக்கு இப்போது 87 வயது. பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பதில் எங்கள் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மயிரிழை நகர்ந்தாலும் ஸ்டேஷன் போய்விடும், அப்படி ஒரு கை. இந்த ரேடியோவைச் சரிசெய்ய எடுத்ததே அவருக்காகத்தான். கண்ணுக்குப் பொருந்துகிற குமிழ் போதாது, விரலுக்குப் பொருந்த வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் இருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய குமிழ் வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சூடு வரத் தேய்த்து மூக்கில் பிடித்தார். கார்பாலிக் சோப்பு வாசனை. "இது பேக்லைட். வாசனை வரலேன்னா பிளாஸ்டிக்" என்றார். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு இது புதுசு! கால் அங்குலத் துளை, அதே பழுப்பு, அதே அளவு. சந்தோஷமாகக் கொண்டுபோய் மாட்டினேன். அத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "டேய், இது நம்ம வீட்டுது இல்லடா. நம்மளுது வரி பெரிசு" என்றார்.

வால்யூமுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரே அச்சுக் குமிழ்தான். அதனால் வால்யூம் குமிழைக் கழற்றி, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, எபாக்சியில் பழுப்புச் சாயம் கலந்து ஒன்று வார்த்தேன். வரி அப்படியே விழுந்தது. பார்வைக்கு எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. "கனம் பத்தலை" என்றார் அத்தை. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது.

போன வெள்ளிக்கிழமை மெக்கானிக்கிடமிருந்து போன். அதே மாடல் செட் ஒன்று வந்திருக்கிறது, பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது, 1,200 ரூபாய். நல்ல செட்டைக் குமிழுக்காகப் பிரிப்பது எனக்குப் பிடிக்காது. இது போகிற உயிர், பிரிக்கலாம். நேற்று மாட்டினேன். அத்தை எதுவும் சொல்லவில்லை. திருப்பிக்கொண்டே போய்த் திருச்சியில் நிறுத்தினார். மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "சத்தத்தைக் கூட்டு" என்றார். பிறகு அவரே கூட்டிக்கொண்டார்.

கரையான் செட்டின் மற்ற மூன்று குமிழும் என்னிடம் சும்மா இருக்கின்றன. யாருக்காவது தேவைப்பட்டால் தண்டை அளந்து, உங்கள் பழைய குமிழைப் படமெடுத்து அனுப்புங்கள். காசு வேண்டாம், தபால் செலவு என்னுடையது. அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.