ஷாக் அப்சார்பர் போனா என்ன, வண்டி ஓடுதுல்ல?

ஷாக் அப்சார்பர்ங்கற பேரே கொஞ்சம் தப்புதாங்க. பள்ளத்துல விழும்போது அடியை வாங்கறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம், ஆட ஆரம்பிச்சா தானா நிறுத்தத் தெரியாது. அதை அடக்கறதுதான் ஷாக் அப்சார்பரோட வேலை. உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், அதுல சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் அந்தத் துளை வழியா நெருக்கியடிச்சுப் போகும்போது ஆட்டத்தோட சக்தி எல்லாம் சூடா மாறிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதுக்குன்னு கேக்கறீங்களா? சேலையூர்ல பெரியப்பா இன்னமும் பொத்திப் பொத்தி வச்சிருக்கற ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்காக.

நம்ம பசங்க நிறைய பேருக்கு அந்தப் பேரே தெரியாது. 1959-ல இங்கிலாந்துல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961-லேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரிச்சது நம்ம பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டு மேலதான். கம்பெனி மூடி வருஷக்கணக்காச்சு. அந்த இடத்துல இப்போ ஐடி கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும். ஹெரால்டை வரைஞ்சவர் ஜொவான்னி மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். அதே சேஸியைக் குட்டையாக்கி, அதுக்கு மேல அவரே வரைஞ்ச ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962-ல வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஆக, பெரியப்பா வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப்பிறந்த அண்ணன் :-)

கார் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டா, மேலே வந்து அப்படியே நிக்கணும். இது ஊஞ்சல் மாதிரி மூணு நாலு தடவை ஆடிச்சு. பின்பக்க ஷாக் அப்சார்பர் மேல எண்ணெய்க் கசிவு வேற. "ஞாயித்துக்கிழமை கேம்ப் ரோடு வரைக்கும் போயிட்டு வர வண்டிதானே, ஓடுதுல்ல?"ன்னாரு பெரியப்பா. மெக்கானிக் அண்ணன் அதுக்கும் மேல. "மாருதியோடது ஒண்ணு இருக்கு சார், நீளம் கொஞ்சம் அதிகம், பிராக்கெட்ல தட்டி மாட்டிடலாம்"னாரு.

இங்கதான் நான் குறுக்கே விழுந்தேன். ஏன்னா ஹெரால்டோட பின் அச்சு 'ஸ்விங் ஆக்சில்' வகை. ரெண்டு அரை அச்சும் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல்கிட்ட மட்டும்தான் மடங்கும். வளைவுல பின்பக்கம் மேலே எழும்பினா, சக்கரத்தோட அடிப்பாகம் வண்டிக்கு அடியில உள்ளே மடங்கும். பிடிப்பு திடீர்னு போயிடும், வண்டி சுத்திடும். 1965-ல ரால்ஃப் நேடர் தன் புத்தகத்துல செவர்லே கார்வேரைக் கிழிகிழின்னு கிழிச்சதும் இந்த மாதிரி பின் அச்சுக்காகத்தான். 1970-ல வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல பின் ஸ்பிரிங் அமைப்பையே மாத்தினாங்க. நம்மூர்லயும் ஹெரால்டுக்கு அப்புறம் வந்த கெஸல்ல இந்த அச்சையே விட்டுட்டாங்க.

அப்போ இந்த வண்டியில, பின்பக்கம் எழும்பற வேகத்தை அடக்கறதே ஷாக் அப்சார்பர்தான். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம்ங்கறதுக்கு எல்லையும் அதோட நீளம்தான். நீளமானதை மாட்டினா சக்கரம் இன்னும் தொங்கும், இன்னும் மடங்கும். இதை ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காட்டினதும் அண்ணன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "தம்பி சொல்றது சரிதான் சார், அளவு மாறக்கூடாது"ன்னுட்டாரு.

சரியான அளவு எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டை, ஜிபி ரோடு ரெண்டுலயும் அலைஞ்சாச்சு, இல்லை. கடைசியில இங்கிலாந்துலேர்ந்து பார்சல்ல வந்துச்சு. ஸ்பிட்ஃபயர் பைத்தியங்கள் அங்கே இன்னும் நிறைய பேர் இருக்கறதால, பாகங்கள் இன்னமும் புதுசா செய்யறாங்க. தம்பி பேரைச் சொல்லி அண்ணன் பொழைக்கறான்!

மாத்தற வேலையில பின்பக்கம் சுலபம். சக்கரத்தைக் கழட்டி, வீல் ஹப்புக்கு அடியில ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பர் மேல இருக்கற பாரத்தை எடுத்துட்டுதான் போல்ட்டைத் தொடணும். முன்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சுத்தியே காயில் ஸ்பிரிங் இருக்கும். மொத்தமா வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸரால இறுக்கி அமுக்கினப்புறம்தான் மேல் நட்டைக் கழட்டணும். அவசரப்பட்டா ஸ்பிரிங் துள்ளி மூஞ்சியைப் பேத்துடும். ஒரு நல்லது, ஹெரால்டோட பானெட் முழுசா முன்னாடி சாயும், டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம். எந்தப் பக்கம் மாத்தினாலும் ஜோடியாதான் மாத்தணும். இல்லேன்னா ஒரு சக்கரம் அடங்கும், இன்னொண்ணு ஆடும்.

வேலை முடிஞ்சு வேளச்சேரி ரோட்டுல ஒரு சுத்து போனோம். வேகத்தடையில ஒரே ஒரு 'தொம்', அதோட சரி. பழைய வண்டியைப் பத்திரமா வச்சிருக்கறதுன்னா வாரம் ஒரு தடவை பாலிஷ் போடறதுன்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. பாலிஷ் மங்கினா பாக்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். இது போனா உள்ளே உக்காந்திருக்கறவர் உயிருக்கே ஆபத்து, அதுவும் எழுபது வயசு பெரியப்பான்னா சும்மா விட முடியுமா?