ஊழியம் என்றொரு சொல்

களியக்காவிளையில் பஸ் மாறினால் மொழியும் மாறிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்தில் என் பாட்டி தமிழில் ஜெபம் செய்தார், மலையாளத்தில் மீனுக்குப் பேரம் பேசினார், இரண்டையும் கலந்து எங்களைத் திட்டினார். 80 வயதைத் தாண்டி அப்படியே வாழ்ந்து முடித்தார். ஆனால் ஒரு தமிழ்ச் சொல் மட்டும் அவர் வாயில் வராது. அது 'ஊழியம்'.

சபையில் எல்லோரும் போதகரை ஊழியக்காரர் என்பார்கள். பாட்டி மட்டும் 'ஐயர்' என்பார். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒருநாள் காரணம் கேட்டேன்.

"ஊழியம்னா கூலி இல்லாத வேலை மக்களே. எங்க பாட்டிக்க அப்பன் செய்தது. கூப்பிட்டா போகணும், இல்லேன்னா அடி. கோயில் ஐயரை அப்பிடிச் சொல்லப்படாது" என்றார்.

பிற்பாடு தமிழ் முதுகலை படித்தேன், மொழிபெயர்ப்பும் பத்திரிகையும் பிழைப்பாயின. பாட்டியின் இந்த அகராதிக் குறிப்பு நினைவில் ஒரு மூலையில் கிடந்தது. எல்லையோரத்துச் சபை ஒன்று ஆண்டுவிழா மலர் போட நினைத்து, சார்லஸ் மீட் ஐயர் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோதுதான் அது மறுபடி எழுந்து வந்தது. ஆங்கிலப் பழைய நூல்களில் ஒரே பக்கத்தில் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, போதகர் செய்யும் பணி. மற்றொன்று, திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியாரிடம் அரசும் நிலக்கிழார்களும் கூலியில்லாமல் வாங்கிய வேலை. தமிழில் இரண்டுக்கும் ஊழியம் என்றுதான் எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது.

மீட் 1818ல் நாகர்கோவிலுக்கு வந்தவர். ரிங்கல்தௌபே விட்டுச் சென்ற லண்டன் மிஷன் வேலையை ஏற்றுக்கொண்டார். அப்போது ரெசிடென்டாக இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ, ஆட்சியில் இருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய். வந்த சிறிது காலத்திலேயே மீட்டை நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாக நியமித்தார்கள். ஞாயிறன்று பிரசங்கம், வார நாட்களில் தீர்ப்பு. இரண்டும் ஒரே மனிதருக்கு.

அன்றைய நாகர்கோவிலை நினைத்துப் பாருங்கள். கச்சேரிப் பக்கமே நெருங்க முடியாத மக்கள், தங்கள் ஐயரே நீதிபதி இருக்கையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அவர்கள் தேடி வந்தது வேதத்தையா, நியாயத்தையா என்று அந்நாளிலேயே கேட்டவர்கள் உண்டு. என் பாட்டியின் முன்னோர் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடி வாங்குகிறவனுக்கு அந்த வேறுபாடு ஒரு வசதி, அவ்வளவுதான்.

மிஷன் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. போதகர் அரசுப் பதவி வகிப்பது முறையல்ல என்றது. ஏறக்குறைய ஓராண்டில் மீட் நீதிபதி பதவியை விட்டார்.

பதவியை விட்டாரே தவிர நீதிமன்றத்தை விடவில்லை. 1822ல் தோள்சீலைக் கலகம் வெடித்தது. மார்பை மறைத்து உடுத்திய நாடார் கிறிஸ்தவப் பெண்கள் சந்தைகளில் தாக்கப்பட்டார்கள். மீட், ரெசிடென்ட் நியூவலிடம் முறையிட்டார். விவகாரம் பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போனது. 1823ல் அந்தப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தீர்ப்புச் சொன்னவர், இப்போது வக்கீலைப் போல மனுவோடு நின்றார்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1829ல் அரசுப் பிரகடனமே மேலாடையைத் தடை செய்தது. அதற்கிடையே சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. நாடார் பெண்கள் எல்லோரும் மேலே துணி உடுத்தலாம் என்ற அரசாணை வர 1859 ஜூலை 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இதற்குள் மீட் நெய்யூரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டிருந்தார். நெய்யூரிலிருந்து மேற்கே சபைகள் பரவி, 1840களில் பாறசாலை ஒரு தனி மிஷன் நிலையமாகி, ஜான் ஆப்ஸ் ஐயர் அங்கே தங்கினார். 1956 நவம்பர் 1ல் மாநில எல்லை வந்தபோது நெய்யூர் தமிழ்நாட்டுக்கும், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்துக்கும் போயின. மரம் ஒரு மாநிலத்தில், கிளை ஒரு மாநிலத்தில்.

1847ல் திருவிதாங்கூர் போதகர்கள் சேர்ந்து மகாராஜா உத்திரம் திருநாளுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மூத்தவரான மீட்டும் அவர்களில் ஒருவர். அரசு தயங்கியது. 1853ல் பாதி வழி வந்தது. 1855ல் அடிமைமுறையை முழுவதுமாக ஒழித்துப் பிரகடனம் செய்தது. நாற்காலியில் இருந்து ஓராண்டு, மனு எழுதி முப்பது ஆண்டு. எது பெரிய பணி என்று மலரில் ஒரு வரி எழுதினேன். சபைப் பெரியவர்களுக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காதது அடுத்த பத்தி.

1850களின் தொடக்கத்தில், மனைவியை இழந்திருந்த மீட், அறுபது வயதை ஒட்டிய பருவத்தில் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் லோயிஸ், பறையர் சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவரான தேவவரம் முன்ஷியின் மகள். சபை அதிர்ந்தது. சக மிஷனரிகளும் முகம் திருப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மிஷன் சங்கத்தைவிட்டு மீட் வெளியேற வேண்டியதாயிற்று. சாதி இல்லை என்று பிரசங்கம் செய்தவரைத் தண்டிக்காதவர்கள், அதன்படி நடந்தவரைத் தண்டித்தார்கள். அதன்பின் திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வேலை செய்து, 1873ல் திருவனந்தபுரத்தில் இறந்தார்.

"அந்தக் கல்யாணச் சமாச்சாரம் மட்டும் வேண்டாம் சார். மலர்னா நாலு பேர் வீட்டுல இருக்கும்" என்றார் பொறுப்பாளர். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. எப்படி உயர்த்துவேன்? எங்கள் வீட்டில் பெண் பார்க்கும்போது சபை ஒன்றாக இருந்தால் போதாது, மற்றதும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த 'மற்றது' என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் கல்யாணத்திலும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மலர் வெளிவந்தது. நல்ல தாள், வண்ண அட்டை. என் கட்டுரை அதில் இருக்கிறது. நீதிபதி இருக்கிறார், மனுக்கள் இருக்கின்றன. லோயிஸ் இல்லை. மீட் "பின்னர் கல்வித்துறையில் பணியாற்றினார்" என்று ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அது நான் எழுதியதல்ல. ஆனால் அதற்கு எதிராக ஒரு கடிதமும் நான் எழுதவில்லை. முப்பது ஆண்டு மனு எழுதியவரைப் பற்றி எழுதிவிட்டு, ஒரு மனு எழுத எனக்குக் கை வரவில்லை.

விடுபட்ட பத்தியை இங்கே எழுதிவிட்டேன். தாமதம்தான்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். கூலியில்லா வேலைக்கு ஊழியம் என்றே எழுதினேன். அந்தச் சொல்லின் காயம் மறையக் கூடாது. போதகர் பணி வந்த இடங்களில் எல்லாம் அந்தச் சொல்லை விலக்கி, பாட்டியைப் போல 'ஐயர்' என்று எழுதி ஒப்பேற்றினேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை தானாக ஊழியம் என்று எழுதியது. அது அறுபது வயதில், எல்லோரும் விலகிப்போன பிறகு, மீட் தன் மனைவியோடு நடத்திய வாழ்க்கையைப் பற்றிய வரி. பாட்டி இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.