ஆறு மாதமா, 26 வாரமா?

மெட்டர்னிட்டி லீவு முடிந்தும் ஒரு டைலர் வரவில்லை என்றால், சூப்பர்வைசர் நேராக எச்.ஆர். அறைக்கு வருவார். "பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுறலாங்களா சார்?" பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் தேதி நெருக்கும்போது அவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் வராத பெண் மனதில் எந்தத் தேதியை வைத்திருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெண்கள் சொல்லும் கணக்கு, "குழந்தை பிறந்து ஆறு மாசம்". 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டம் தருவது 26 வாரம். பிரசவத்துக்கு முன் எடுத்த நாட்களும் அதில் அடக்கம். ஆறு வாரம் முன்பே போனவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 20 வாரம்தான். சிலர் ஞாயிறைக் கழித்து எண்ணுவார்கள். கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. ஞாயிறுக்கும் பணம் உண்டு. கணக்கிலும் ஞாயிறு சேரும். ஆக, 182 நாள். திரும்ப வேண்டிய தேதியை லீவு கொடுக்கும் அன்றே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

லீவு விண்ணப்பத்தில் அம்மா வீட்டு முகவரியும் வாங்க வேண்டும். பிரசவத்துக்குப் பெண் போவது அங்கே. கம்பெனிக் கடிதம் போவதோ திருப்பூர் வாடகை வீட்டுக்கு. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பதிவுத் தபாலை ஃபைலில் கோத்து வைத்தால், சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்ததாகிவிடாது.

கடிதத்துக்கு முன் போன். "எப்ப வர்றீங்க?" என்று ஆரம்பித்தால் "அடுத்த வாரம் சார்" என்ற பதில்தான் வரும். "குழந்தையை யாரும்மா பார்த்துக்கறாங்க?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். பிரசவத்தால் வந்த உடல்நலக் கோளாறு என்றால், மருத்துவச் சான்றின் பேரில் சம்பளத்தோடு இன்னும் ஒரு மாதம் வரை சட்டமே தருகிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் பந்து நம் பக்கம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம். தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தொட்டில் இருந்தும் ஆயா இல்லாத அறையை எந்தத் தாயும் நம்பமாட்டார். இரண்டிலும் அடங்காத காரணத்துக்கு, தேதி போட்ட சம்பளமில்லா விடுப்பு. வாய்வார்த்தையாக "மெதுவா வாங்க" என்பது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

போனும் எடுக்கவில்லை என்றால் இரண்டு முகவரிக்கும் கடிதம்: லீவு முடிந்த தேதி, பதில் தர வேண்டிய தேதி, பேச வேண்டியவர் பெயர். கம்பெனி நிலையாணையில் எட்டு நாள் வராவிட்டால் வேலை போகும் என்று இருப்பதைக் காட்டி, தானாக வேலை போய்விட்டது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். விளக்கம் கேட்காமல் அப்படி நீக்குவது செல்லாது என்று டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

வர விருப்பமில்லை என்றே சிலர் சொல்வார்கள். ராஜினாமாவை அவரே எழுதட்டும். பாக்கிச் சம்பளத்தையும் பிஎஃப் வேலையையும் இழுத்தடிக்காமல் முடித்துக் கொடுக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் கை பழகிய ஒருவரைப் புதிதாக உருவாக்குவது லேசில்லை. மனத்தாங்கல் இல்லாமல் போனவர், குழந்தை பால்வாடிக்குப் போகிற வயதில் நம் கேட்டில்தான் வந்து வேலை கேட்பார்.