மகளின் உழைப்பும் தந்தையின் பெயரும்

அறிவியல் இதழுக்குக் கட்டுரை வரைவோர், தாம் எடுத்தாண்ட நூல்களையும் கட்டுரைகளையும் ஈற்றில் பட்டியலிடுதல் மரபு. பிறர் உழைப்புக்குச் செலுத்தும் நன்றிக்கடன் அது. பட்டியலிடும் முறைகள் பல. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த முறையில் வரிசை எண்ணும், ஹார்வர்டு முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் மேற்கோளைச் சுட்டும். இரு முறைகளிலும் பட்டியலில் குடும்பப் பெயரே முன்னிற்கும். தமிழருள் பெரும்பாலோர்க்கோ குடும்பப் பெயரே இல்லை!

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். அடையாள அட்டையில் அவர் பெயர் 'மலர்விழி ஏ/பி வேலன்'. வேலன் மகள் மலர்விழி என்பது பொருள். இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயரெனக் கொள்ளும் அயல்நாட்டு இதழ், 'வேலன், ம.' என அச்சிடும். ஆய்ந்தவர் மகள்; ஆசிரியராய் நிற்பவரோ தந்தை! பிறிதோர் இதழ் 'மலர்விழி, வே.' என்று குறிப்பின், ஒருவர் உழைப்பு இருவர் கணக்கில் பிரிந்துவிடும்.

2012 முதல் ஆர்க்கிட் என்னும் அமைப்பு, ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இடங்கொண்ட தனி எண் வழங்கி வருகின்றது. அது நற்றுணையே. ஆயினும், முதற் கட்டுரைக்கு முன்பே தம் பெயரின் வடிவத்தை உறுதிசெய்து, இறுதிவரை அதனையே ஆளுதல் வேண்டும். இதனை மாணவர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியர் கடனுமாகும்.