எடைக்குப் போகவிருந்த ஸ்டீரியோ

பழைய ஆம்ப்ளிஃபயரை எப்போதாவது தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கச் சின்னப் பெட்டிதான், ஆனால் தூக்கினால் கை இழுக்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய ஹீட் சிங்க்கும்தான் அந்த கனத்துக்குக் காரணம். டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருப்பது செம்புக் கம்பி. அதனால் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆசை ஆசையாகக் காசு சேர்த்து வாங்கிய பெட்டியை உடைத்து, செம்பு தனி, அலுமினியம் தனி என்று பிரித்துவிடுவார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்படி எத்தனை பெட்டிகள் பேரீச்சம்பழத்துக்குப் போயினவோ!

எனக்கு நல்ல ஸ்டீரியோ செட் ஒன்று வேண்டியிருந்தது. முதலில் புதிதாகத்தான் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 5,000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி 'பி.எம்.பி.ஓ.' என்று இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு எவ்வளவு கத்த முடியும் என்று காகிதத்தில் போடும் கணக்கு அது. தொடர்ந்து எவ்வளவு சக்தி கொடுக்கும் என்பதைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.'. அந்த 5,000 வாட்ஸ் பெட்டி ஆர்.எம்.எஸ். கணக்கில் சில பத்து வாட்ஸ் தேறினாலே அதிகம். பழைய நல்ல செட்டில் 30 வாட்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது நிஜமான 30. நம் வீட்டுக் கூடத்துக்குத் தாராளம். பாதி வைத்தாலே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

பழையது தேட ஆரம்பித்த பிறகுதான் இதற்கென்றே ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. பெரம்பலூரில் ஒரு மெக்கானிக். கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. அரியலூரில் முன்பு மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அஹூஜா ஆம்ப்ளிஃபயரையும் இசைத்தட்டுப் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர். குழாய் ஸ்பீக்கரை எந்த மரத்தில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினால் எந்த ஊர் வரைக்கும் கேட்கும் என்று இன்றும் கணக்குச் சொல்வார். சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர். யார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்பது இவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2007-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. இந்தக் கூட்டம் மட்டும் இன்னும் ஒரே மாவட்டம்தான்.

நம் பக்கத்தில் நல்ல செட்டுகள் கிடைப்பதற்குக் காரணம் வளைகுடா. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே வேலைக்குப் போனவர்கள் சென்ட், போர்வையோடு ஜப்பான் செட்டும் கொண்டுவந்தார்கள். பலருக்கு டூ-இன்-ஒன், வசதி இருந்தவர்களுக்கு சான்சுய், அகாய். ஜப்பான் உள்ளூர் சந்தைக்காகச் செய்யும் செட்டுகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நேராக நம் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். வெளிநாட்டு விற்பனைக்குச் செய்தவற்றில் பின்பக்கம் வோல்ட்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பளபளக்கும் முகப்பை இல்லை, அந்தத் திருகைத்தான்.

இனி மெக்கானிக் அண்ணனின் வித்தைக்கு வருகிறேன். பல வருடம் சும்மா கிடந்த செட்டை அவர் ஒருபோதும் நேராகக் கரண்ட்டில் போட மாட்டார். 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை வழியில் தொடராக இணைப்பார். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் பிழைத்தது. அந்த ஒரு கணத்தில் சுற்றியிருக்கும் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார், வால்யூம் திருகில் கிளீனர் அடிப்பார். அரியலூர் செட்டு என்றால் அதற்கு முன்னால் பிரஷ்ஷால் ஒரு சுற்று. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ஊராச்சே, தூசி எங்கேயும் புகுந்துவிடும்.

போன மாசியில் அவரோடு உடையார்பாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் துபாயில் இருந்து திரும்பியவர், காலமாகிப் பல வருடம் ஆகிறது. அந்த அம்மா தனியாக இருக்கிறார். பரணில் இருந்து இறங்கியது சான்சுய் ஸ்டீரியோ ரிசீவர், அதாவது ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் ஒன்றாக இருப்பது. ஸ்பீக்கர் இரண்டிலும் கூம்பைச் சுற்றிய ஃபோம் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. நம் ஊர் வெக்கைக்கு ஃபோம் அவ்வளவுதான் தாங்கும். ரிசீவர் மட்டும் புதுப்பெண் மாதிரி இருந்தது.

"எடைக்குக் கேட்டவன் அறுநூறு சொன்னான். நீங்க ஆயிரத்து ஐநூறு குடுங்க தம்பி" என்றார் அம்மா.

என் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. மெக்கானிக் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அக்கா, இது ஓடுச்சுன்னா ஒம்பதாயிரத்துக்குக் குறையாது. சாருக்கும் தெரியட்டும்னுதான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. அழைத்துப் போனவரே விலையை ஏற்றிவிட்டால்? ஆனால் இந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடே அதுதான். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே விலை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பரணை யாரும் திறந்து காட்ட மாட்டார்கள்.

பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. தன் பையில் இருந்த சின்ன ஸ்பீக்கர்களை மாட்டி, ஒயர் போட்டு என் போனை இணைத்தார். "என்ன பாட்டுக்கா போடட்டும்?"

"ஜானகி பாட்டு எதாச்சும்."

பாட்டு வந்தது. அம்மா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே கேட்டார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, "இதுல எது சத்தம்?" என்று கேட்டார். காட்டினோம். "அவரு இருந்தவரைக்கும் செய்திதான். தொட்டா கெட்டுப்போயிரும்னு கையே வைக்க விடமாட்டாரு" என்றபடி அந்தப் பெரிய திருகைப் பிடித்துத் திருப்பினார். சத்தம் ஏறியது. இன்னும் திருப்பினார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். அம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்று பாட்டு முடிந்ததும் என்னிடம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க தம்பி. இது இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் ஒன்பதாயிரத்துக்குத் தயாராகத்தான் இருந்தேன். பத்தாயிரம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அவர் கை இன்னும் அந்தத் திருகின் மேலேயே இருந்தது. சொல்லவில்லை.

மெக்கானிக் சர்வீஸுக்கு முந்நூறு வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கர் ஃபோமை அடுத்த வாரம் மாற்றித் தருவதாகவும் பேச்சு. இரண்டு மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினோம். வண்டி ஜெயங்கொண்டம் ரோட்டில் ஏறியதும் நான் உம்மென்று வருவதைப் பார்த்து அவர் பின்னாலிருந்து சொன்னார்: "செந்துறையில ஒரு வாத்தியார் வீட்டுல அகாய் டெக் கெடக்காம் சார். பெல்ட்டு மட்டும் போயிருக்கும்போல. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"