பார்சலில் வந்த துப்பாக்கி

துப்பாக்கி பார்சலில்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவள் என் மனைவி.

1996 நவம்பர். பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹெம் நகருக்கு வெளியே வாடகை வீட்டில் இருந்தோம். ஐந்தடி நீள அட்டைப் பெட்டி. திரைச்சீலை மாட்டும் கம்பி என்று நினைத்தாளாம். மாலையில் நான் பெட்டியைப் பிரித்து எட்டுப் பட்டை வைத்த இரும்புக் குழலை வெளியே எடுத்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "உங்கப்பா கதர் கட்டின மனுஷர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மைலாடுதுறைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் அவர். வீட்டில் எலிப்பொறி வைக்கவே தயங்கியவர்.

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது சுலபம் என்பது தெரிந்த விஷயம். இது அதைவிடச் சுலபம். அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 வரை செய்யப்பட்ட பழந்துப்பாக்கிகளையும், தோட்டா போடாமல் வாய்வழியே கருமருந்து கிட்டித்துச் சுடும் அவற்றின் நகல்களையும் 'துப்பாக்கி' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. சில மாநிலங்கள் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மற்றபடி, மத்திய அரசின் பார்வையில் என் பெட்டியில் இருந்தது ஒரு பழம்பொருளின் நகல்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் அடுத்த வீட்டுக் கிழவர். எஃகு ஆலையின் டூல் ரூமில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெத்லஹெமில் எஃகு வார்ப்பது 1995இல் நின்றுபோனது. அதன்பிறகு அந்த ஊரில் கிழவர்கள் எல்லோரும் தத்தம் நிலவறைக்குள் இறங்கிவிட்டதாக எனக்குத் தோன்றும். ஒருவர் பொம்மை ரயில் ஓட்டினார். ஒருவர் பியர் காய்ச்சினார். இவர் துப்பாக்கி செய்தார். சுவரில் பதினொன்று வரிசையாக மாட்டியிருந்தன. பன்னிரண்டாவதை அவரால் செய்ய முடியவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "கண் சரியாக இருக்கிறது. கைதான் போய்விட்டது. உன் கையைக் கொஞ்சம் கொடு" என்று கேட்டார். ஒரு டம்ளர் சர்க்கரை கேட்கிற மாதிரிதான் கேட்டார். மறுக்கத் தெரியவில்லை.

நாங்கள் செய்தது 'கென்டக்கி ரைஃபிள்' எனப்படும் நீளத் துப்பாக்கி. பெயர்தான் கென்டக்கி, பிறந்த வீடு பென்சில்வேனியா. பதினெட்டாம் நூற்றாண்டில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான, கனத்த வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, மெலிதாக்கி உருவாக்கியது. எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தள்ளி, நாசரேத் ஊருக்கு அருகே, ஹென்றி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்துவந்த இடம் இருக்கிறது. அங்கே போய்ப் பழைய துப்பாக்கிகளைக் காட்டிவிட்டுத்தான் கிழவர் எனக்கு அரத்தையே கையில் கொடுத்தார்.

இந்தப் பொழுதுபோக்குக்கு எழுபதுகளில் ஒரு பெரிய அலை வந்திருக்கிறது. 1972இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் மலைவாழ் வேட்டைக்காரராக நடித்த 'ஜெரமையா ஜான்சன்' படம். 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா. அப்பாக்களும் பிள்ளைகளும் கிட் வாங்கி, சமையலறை மேஜையில் வைத்து உப்புத்தாள் தேய்த்த காலம். அவற்றில் பாதி இன்னும் முடியாமல் பரண்களில் கிடக்கின்றன என்பார் கிழவர்.

கிட் என்றதும் நான் விமான பொம்மை மாதிரி நினைத்துக்கொண்டேன். ஒட்டினால் முடிந்தது என்று. பெட்டிக்குள் இருந்தவை: குழல், விசைப் பூட்டு, அரைகுறையாகச் செதுக்கிய மேப்பிள் மரக்கட்டை, வார்ப்பிலிருந்து எடுத்த சொரசொரப்பு மாறாத பித்தளைத் துண்டுகள், ஒரு பொட்டலம் திருகாணி. விளக்கத்தாள் ஒன்றரைப் பக்கம். வேலை தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று அட்டையில் போட்டிருந்தது. மிச்சப் பத்து சதவீதத்துக்கு எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. ஞாயிறு மத்தியானங்கள் மட்டும்தான் என்றாலும், இரண்டரை வருடம்.

குழல், கட்டை, பூட்டு. இந்த மூன்றையும் சேர்த்து, ஒன்று விடாமல் முழுவதும் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்', அது இங்கிருந்து வந்ததுதான். சொல்வது ஒரு மூச்சு. சேர்ப்பது அப்படியில்லை. இரும்பு மரத்துக்குள் உட்கார வேண்டும். நடுவே ஒரு தலைமயிர் நுழைய இடம் இருக்கக் கூடாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, மரத்தில் அழுத்தி எடுத்தால் இடிக்கிற இடம் கருப்பாகத் தெரியும். அந்தக் கருப்பை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி தடவு, அழுத்து, சுரண்டு. பூட்டு ஒன்றுக்கு மட்டும் ஒரு குளிர்காலம் போனது. கிழவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, "அதிகம்", "போதும்", "நிறுத்து" என்பார். நல்லது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்குப் பிடித்தது துருதான். என் பிழைப்பே துருவைத் தடுப்பது; இரும்புப் பாலங்களுக்கும் தொட்டிகளுக்கும் பூசும் பூச்சுகளைச் சோதிக்கிற வேலை. இங்கே துருவை அழைத்து விருந்து வைக்கிறார்கள். குழலைத் துடைத்து, மருந்து தடவி, ஈரமான பெட்டிக்குள் தொங்கவிட்டால் மறுநாள் மெல்லிய செந்துரு படரும். முரட்டுத் துணியால் தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தபின் துருவை நிறுத்தி எண்ணெய் பூசினால், நாவல்பழத் தோலுக்கும் புளிக்கும் நடுவிலான ஒரு பழுப்பு. அந்த நிறத்தைத் தொழிற்சாலைப் பூச்சு எதிலும் நான் பார்த்ததில்லை. ஆபீசில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

1998 பிப்ரவரியில் கட்டையை உடைத்தேன். குழலின் இருபுறமும் முன்பக்கத்தில் மரம் வெற்றிலைக் காம்பு கனம்தான் இருக்கும். கவ்வியை ஒரு சுற்று அதிகமாக இறுக்கினேன். சத்தம் சின்னதுதான். மூன்று அங்குல நீளத்துக்குச் செதில் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. ஒரு வருட வேலை. கிழவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, முட்டி போட்டு, அந்தச் செதிலைத் தேடி எடுத்தார். அன்று என்னை விலகி நிற்கச் சொல்லிவிட்டு அவரே பசை தடவி ஒட்டினார். அவர் கை நடுங்கியது, செதில் நடுங்கவில்லை. எப்படி என்று எனக்கு இன்றும் புரியவில்லை. சாயம் ஏற்றியபின் மேப்பிளின் புலிவரிக்குள் அந்த ஒட்டு காணாமல் போனது. விரலால் தடவினால் எனக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கோடையில் டெலவர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ட்யூபான்ட் குடும்பம் 1802இல் தொடங்கிய பழைய வெடிமருந்து ஆலைக்குக் கூட்டிப்போனார். இப்போது அது அருங்காட்சியகம். மருந்து அரைக்கும் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் கனத்த கற்சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கம் திறந்து கிடக்கும். வெடித்தால் வெடிப்பு ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. எத்தனையோ தடவை வெடித்தும் இருக்கிறது. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. அந்த உப்பு எங்கிருந்து வந்தது? பீகாரிலிருந்து. நூனியா சாதி மக்கள் ஊர்ப்புற மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பு பாட்னாவில் சேர்ந்து, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, லாமட் ட்யூபான்ட் லண்டனுக்குப் போய் அங்கிருந்த இந்திய வெடியுப்பை வளைத்து வாங்கினார். 'ட்ரென்ட்' கப்பல் தகராறில் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதியை நிறுத்தி, பிறகுதான் விட்டது. "உன் ஊர் மண் இல்லாமல் எங்களால் சண்டை போட்டிருக்க முடியாது" என்று கிழவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

1999 ஏப்ரல் 20. கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் பள்ளியிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. அதை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா வீட்டில் நீ செய்கிறதும் துப்பாக்கிதானே, அப்பா?"

நான் விளக்கினேன். படித்தவன் விளக்குவது போல விளக்கினேன். அது வேறு மாதிரி. ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கிட்டிக்க ஒரு நிமிடமாவது ஆகும். மழை பெய்தால் சுடாது. சக்கிமுக்கிக் கல் தேய்ந்தால் சுடாது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டுதான்.

"ஒரு குண்டு போதாதா, அப்பா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டரை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைக் குழந்தை சொல்லிவிட்டது.

ஒரு மாதம் நான் நிலவறைக்குப் போகவில்லை. கிழவரும் கூப்பிடவில்லை. புல் வெட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைப்பார். ஜூனில் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "சுட வேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. முடிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்" என்றார். அன்று போனேன். நட்புக்காகவா, பாதி வேலையை விட மனம் வராமலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் மகள் மட்டும் அதன்பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை. அவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பிய பிஸ்கட்டுகளைத் தின்றாள்.

செப்டம்பரில் ஒரு சங்கத்தின் மைதானத்தில் சுட்டோம். முதல் தடவை கிண்ணத்தில் மருந்து புஸ்ஸென்று எரிந்ததோடு சரி. குழலுக்குள் தீ போகவில்லை. சுற்றி நின்ற கிழவர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது தடவை விசையை அழுத்தினேன். குதிரை விழுந்தது. பொறி, புகை, பிறகுதான் வெடி. அந்த நடுக்கணத்தில் கை அசையாமல் இருப்பதுதான் வித்தை என்று சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு அசைந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புகையின் வாசனையை. அது எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவின் அதிர்வேட்டு வாசனை. அப்பா தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்ட நாள். பென்சில்வேனியாவில், நாற்பத்தொரு வயதில், கையில் துப்பாக்கியோடு நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று கிழவரிடம் சொன்னேன்.

அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் தொடங்கும், 1974இலிருந்து நடக்கிறது. வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். துப்பாக்கியை அவர் சுவரிலேயே மாட்டினோம், பன்னிரண்டாவதாக.

2003இல் பெங்களூர் திரும்பினோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும். அதைக் கொண்டுவரும் எண்ணமே எனக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பழைய போர்களை நடித்துக்காட்டும் குழுக்கள் ஏந்தும் மஸ்கட்டுகளில் பல இந்தியாவில் செய்தவை. தீத்துளை போடாமல் அலங்காரப் பொருளாகக் கப்பலேறுகின்றன.

ஒரு வருடம் செப்டம்பரில் கைல்போத் பண்டிகையின்போது குடகுக்குப் போயிருந்தேன். குடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. சாமி அறையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சந்தனமிட்டு, குழலில் பூச்செருகியிருந்தார்கள். தோக்குப் பூ என்றார் வீட்டுக்காரர். துப்பாக்கிப் பூ. பார்த்தால் நம் செங்காந்தள்.

2012இல் கிழவரின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா இறந்துவிட்டார், பன்னிரண்டாவது துப்பாக்கியின் அடியில் உங்கள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, என்ன செய்யட்டும்? இரவு மகளுக்குப் போன் செய்தேன். அப்போது அவள் டெல்லியில் சட்டம் படித்து முடித்திருந்தாள். வெகுநேரம் யோசித்தாள். "விற்கச் சொல்லாதே, அப்பா. யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உடைக்கவும் சொல்லாதே" என்றாள்.

அப்படியே எழுதினேன். பேரன் வைத்துக்கொண்டிருக்கிறானாம். போட்டோ அனுப்பினார்கள். பதினைந்து வயதுப் பையன், தாத்தாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் கிடத்தியிருக்கிறான். இடது கை முன்கட்டையைப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் இருக்கிற இடத்தில்தான் அந்த ஒட்டு.